நூற்றுமூன்று டிகிரி

இருநூற்றுப் பன்னிரண்டு சப்பாத்திப் பலகைகள்
சென்னையிலிருந்து திரும்பி வந்திருந்தன,
போன அட்டைப்பெட்டிகளிலேயே.
முகம் பார்க்க வழவழப்பு,
முதுகில் நகம் நுழையும் கோடு.

குடியாத்தம், நெல்லூர்ப்பேட்டை.
தகரக் கூரைக்குக் கீழே
லோகநாயகி ஒன்றை வெளிச்சத்துக்குத் தூக்கிப் பிடித்து
"இது வழியா உங்க மூஞ்சி தெரியுது சார்" என்றார்.
சிரித்தாரா, எனக்கு விளங்கவில்லை.

காட்பாடியிலிருந்து பஸ்ஸில் போயிருந்தேன்.
பையில் ஈரமானி.
லத்தேரி தாண்டும்போது அழுத்திப் பார்த்தேன்,
பேட்டரி செத்திருந்தது.
திட்ட அறிக்கையில் என் பெயர் 'தொழில்நுட்ப உதவி'.
உதவி அப்போது
ஒரு சொம்பு தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்துக்கொண்டிருந்தது.

"மூணு வாரம் முழு வெயில்ல போட்ட வேம்பு.
வேலூர் வெயிலு.
அதுல காயாதது ஒண்ணு இருக்குதா?"
என்ன சொல்ல?
மே மாதத்தில் பஸ் கம்பியைத்
துண்டு சுற்றிப் பிடிக்கிற ஊர்க்காரன் நான்.

பேட்டரி செத்தால் பழைய வழி ஒன்று உண்டு:
நடுவிலிருந்து ஒரு வில்லை அறு,
நிறு, சுடு, மறுபடி நிறு.
தராசுக்கு அடகுக்கடை.
அடுப்புக்கு ரொட்டிக்கடை.

பாபுலாலின் தராசு கண்ணாடிக் கூண்டுக்குள் இருந்தது,
மூச்சுக்கும் அசையும்.
போன ஆடியில் அதே தட்டில்
லோகநாயகியின் வளையல் இரண்டு உட்கார்ந்தன, வட்ட ரம்பத்துக்காக.
இன்றைக்கு ஒரு வேப்பந்துண்டு.
அறுபத்தொன்று புள்ளி ஐந்து கிராம்.
"இதுக்கு எவ்ளோ குடுப்பே?" என்று கேட்டார்.
பாபுலால் பேனாவை மூடிவிட்டுத்தான் சிரித்தார்.

கடைசி பன் இறங்கிய பிறகு
இம்தியாஸ் அடுப்பை எனக்கு விட்டார்.
தணலை ஓரம் தள்ளி, கதவை இரண்டு விரல் திறந்து
நூற்றுமூன்று டிகிரியில் அதை நிறுத்திவைக்க
விடியும்வரை ஒரு முக்காலியில் நான்.
பன் வாசனைக்குள்
மெல்லக் கசப்பு ஏறியது.
"நாளைக்கு என் சரக்கு கசந்தா
மொத்தமும் உன் கணக்குதான்."

காலையில் ஐம்பது. சரியாக ஐம்பது.

பதினொன்றரை கிராம் தண்ணீர்,
நூற்றுக்கு இருபத்துமூன்று,
எங்கே ஒளிந்திருந்ததோ.
வெளித்தோல் அவசரப்பட்டுச் சுருங்கியிருக்கிறது,
வயிறு இன்னும் நனைந்தபடி.
இரண்டுக்கும் நடுவில் நடந்த சண்டைதான்
அந்தக் கோடு.

"அப்போ வெயிலு போதலியா?"

"ஜாஸ்தி."

ஒரு லாரி போய் முடியும்வரை அவர் பேசவில்லை.
நம்ப வேண்டாம், பத்து பலகை மட்டும் கொடுங்கள் என்றேன்.
அறுத்த முனைகளில் மெழுகு தடவி
அடுக்குக்கு அடுக்கு குச்சி வைத்து
நிழலில், காற்றில்,
மேலே பாரமாக நாலு கருங்கல்.
"பச்ச மரத்துக்குப் பாய் போட்டுப் படுக்க வைக்கிறாரு"
என்றான் மெருகு போடும் சலபதி.

ஏழு வாரம் கழித்துப் போனேன், புதுப் பேட்டரியோடு.
அடுக்கில் பத்து இல்லை, நாற்பது இருந்தன.
ஈரமானி பன்னிரண்டு காட்டியது,
பதிமூன்று, மறுபடி பன்னிரண்டு.
மூன்றில் மட்டும் கோடு.
குறிப்பேட்டில் 'மூன்று' என்று எழுதினேன்.

"எந்த மூணுன்னு எழுதலியே?"

மேற்கு ஓரத்து மூன்று.
அறுவைத் தூளை வெளியே தள்ளும் விசிறி
பகலெல்லாம் அந்தப் பக்கம்தான் ஊதுகிறதாம்.
என் படிவத்தில்
விசிறிக்குக் கட்டம் இல்லை.

பேனாவை வாங்கிக்கொண்டார்.
ஓரத்தில் கோணலாக 'விசிறி' என்று எழுதி
அதைச் சுற்றி ஒரு வட்டம் போட்டார்.
அதற்குக் கீழே, பொடி எழுத்தில்,
எந்த அறிக்கைக்கும் போகாத இன்னொரு வரி:
வளையல், தை.